பைப்புக்குக் கட்டின சீலை

பிள்ளைகள், சைலன்சர் பைப்பின் சூடு வெளியே வராமல் சுற்றுகிற இந்த நாடாவை நீங்கள் ஹீட் ராப் என்கிறீர்கள். பெட்டியிலும் அப்படித்தான் போட்டிருக்கிறதாம். இங்கிலீசு எழுத்து எனக்குத் தெரியாது. தமிழே எழுத்துக் கூட்டித்தான் வாசிப்பேன், அதுவும் பூசைப் புத்தகத்துப் பெரிய எழுத்தென்றால்தான். ஆனால் இந்தக் கராஜில் நான் நின்ற காலம் முழுக்க இதற்கு ஒரே பெயர்தான். சீலை.

பெயர் வைத்தது நானில்லை. ஓட்டோக்காரர்கள். ஒரு பொம்பிளை வாகனத்துக்குக் கீழே குந்தியிருந்து, சைலன்சர் பைப்பைச் சுற்றிச் சுற்றித் துணிபோல ஒன்றைக் கட்டினால் அவர்களுடைய வாய் சும்மா இருக்குமா? "அக்கா, என்ர வாகனம் உரிஞ்ச மேலோட நிக்குது, ஒரு சீலை கட்டி விடுங்கோவன்" என்று வருவார்கள். நானும் விடமாட்டேன். "கொய்யகம் மடிச்சு வைச்சோ, வைக்காமலோ?" என்று கேட்பேன். சிரித்துச் சிரித்து அந்தப் பெயரே நிலைத்துவிட்டது. பிறகு மன்னார்ப் பாலத்துக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும், சீலைக்கார அக்கா எங்கே என்று கேட்டால் இந்தக் கராஜைத்தான் காட்டுவார்கள். எனக்கு அதில் வெட்கமில்லை, பெருமைதான். நான் கட்டின சீலை குலைந்துபோச்சு என்று ஒரு வாகனம் திரும்பி வந்ததில்லை.

அப்படிக் குலையாமல் நின்ற ஒரு சீலையின் கதையைத்தான் இன்றைக்குச் சொல்லப்போகிறேன். ஆனால் அதற்கு முதல் வேறு பேச்சு இருக்கிறது. அவசரப்படாதேங்கோ. தேத்தண்ணியைக் குடியுங்கோ. எப்படிச் சுற்றுவது, எங்கே கம்பி போட்டு இறுக்குவது என்பதெல்லாம் இங்கே நிற்கிறவர்கள் காட்டித் தருவார்கள். நான் சொல்லப்போவது அதுவல்ல.

இந்தியாவில் நாங்கள் அகதி முகாமில் இருந்த காலம். நான் பிறந்தது விடத்தல்தீவு. கிழிந்த வலை பொத்திப் பொத்திப் பழகின கை. முகாமில் வலை ஏது? என்ர மனுசன் அங்கத்தைய வள்ளங்களில் கூலிக்குப் போனார். நான் கரையிலே லாஞ்சி எஞ்சின் திருத்துகிற பட்டறையில் எடுபிடி வேலைக்குப் போனேன். அங்கே எஞ்சினின் புகைக்குழாய்க்கு வெள்ளைக் கயிறு சுற்றுவார்கள், சூடு பலகையைப் பிடிக்காமல் இருக்க. அந்தக் கயிற்றுத் தூசி நெஞ்சுக்குக் கூடாது என்று இப்போது சொல்கிறார்கள். அப்போது எங்களுக்கு யார் சொன்னது? நான் ஒருநாள் சுற்றிக் காட்டினேன். அதற்குப் பிறகு அவர்கள் வேறு ஆளைக் கயிற்றைத் தொட விடவில்லை.

அங்கே ஒரு மேஸ்திரி இருந்தார். பெயர் கேட்டதில்லை, எல்லாருக்கும் அவர் மேஸ்திரிதான். சிரிக்கவும் மாட்டார், ஏசவும் மாட்டார். நான் கயிற்றை எடுத்தால் ஸ்பானரைத் திருப்பிப் பிடித்துக் குழாயை ஒருமுறை தட்டிவிட்டுத்தான் என்னிடம் விடுவார். "கட்டுறதுக்கு முன்னாடி தட்டும்மா. கட்டுனப்புறம் அது பேசாது" என்பார். இன்னொன்றும் சொல்வார். "நீ சூட்டக் கொல்லல. அது போற வழிய மறிக்கிற. மறிச்ச சூடு எங்க போச்சுன்னு கேட்டுக்கிட்டே இருக்கணும். கேக்காம விட்டா, அதுவா வந்து சொல்லும்."

எனக்கு அப்போது அது விளங்கவில்லை. வயதுபோனவரின் புலம்பல் என்று நினைத்தேன். குழாயைத் தட்டுகிற பழக்கம் மட்டும் கையோடு ஒட்டிக்கொண்டு வந்தது.

திரும்பி மன்னாருக்கு வந்தபோது ஊரில் வீடு இல்லை. டவுனில் ஒரு அறை எடுத்து இருந்தோம். ஒருநாள் இந்தக் கராஜைக் கடந்து போகிறேன். அப்போது இதற்கு மேலே தகரம், கீழே மணல். உங்களுக்கு இருக்கிற இந்தச் சீமெந்துத் தரையெல்லாம் அன்றைக்கு இல்லை. முதலாளி கொழும்பிலிருந்து புதிதாக இந்த நாடாவைக் கொண்டுவந்து, ஒரு காரின் பைப்புக்குத் தானே கட்டிக்கொண்டிருந்தார். சிரிப்பை அடக்க முடியவில்லை எனக்கு.

"என்னம்மா சிரிக்கிறியள்?" என்றார்.

"இல்லை, பைப்புக்குக் கால் சுளுக்கோ எண்டு பாத்தன். நோவுக்கு மருந்து கட்டுறமாதிரியெல்லோ கட்டுறியள்."

"அப்ப நீங்கள் கட்டுங்கோ பாப்பம்."

அவர் என்னைத் துரத்தத்தான் அப்படிச் சொன்னது. நான் பையைக் கீழே வைத்துவிட்டு, சீலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு உள்ளே போனேன். அன்றைக்குப் போன ஆள், முழங்கால் மடங்காது என்று ஆன பிறகுதான் வெளியே வந்தேன்.

அந்தக் காலத்தை நினைத்தால் முதலில் நினைவுக்கு வருவது மணம்தான். புதுச்சீலை கட்டின பைப் முதன்முதல் சூடேறும்போது ஒரு புகை வரும், தெரியுமோ? தேங்காய்ச் சிரட்டை கருகினமாதிரி ஒரு மணம். மாரி காலத்தில் மழை தகரத்தில் கொட்ட, கடலிலிருந்து வாடைக் காற்று அள்ளிக்கொண்டு வர, அந்தப் புகையும் தேத்தண்ணி ஆவியும் ஒன்றாய்க் கலந்து நிற்கும். முதலாளி ரேடியோவைப் போடுவார், அது கரகரக்கும். அந்த மணம் இப்போதும் எங்காவது வந்தால் நான் திரும்பிப் பார்ப்பேன்.

அந்தப் புகையால் ஒரு கூத்தும் நடந்தது. கலியாணங்களுக்கு வாடகைக்கு ஓடுகிற கார் ஒன்று. கால் வைக்கிற இடம் கொதிக்குது, மாப்பிள்ளையின் புதுச் சப்பாத்து இளகிப்போகும் என்று, கலியாணத்தன்று காலையிலே கொண்டுவந்து நிறுத்தினார்கள். கட்டினேன். "முதலாளி, கொஞ்சம் எஞ்சினை ஓட விட்டுப் புகையை முடிச்சுக் குடுப்பம்" என்றேன். காரோட்டி கேட்கவில்லை. கோயிலில் பாதர் பார்த்துக்கொண்டு நிற்கிறாராம். போய்விட்டார்கள். கோயில் வாசலுக்குப் போய் நிற்கவும் அடியிலிருந்து குபுகுபு என்று வெள்ளைப் புகை கிளம்பியிருக்கிறது. கார் பத்தப்போகுது என்று மாப்பிள்ளை ஒரு பக்கத்தால் குதிக்க, தோழன் மறுபக்கத்தால் குதிக்க, மாப்பிள்ளையின் தாய் உள்ளே இருந்து "என்ர மாதாவே" என்று கத்த, பெண் வீட்டார் முழுப்பேரும் பார்த்துக்கொண்டு நின்றார்களாம். பிறகு அந்த மாப்பிள்ளைக்கு ஊரில் பெயர் 'பாய்ஞ்ச மாப்பிள்ளை'.

அதற்குப் பிறகு, புகை முடியாமல் ஒரு வாகனமும் இந்தக் கராஜ் வாசல் படலையைத் தாண்டக்கூடாது என்று முதலாளி சட்டம் போட்டார். நல்ல சட்டம்தான். நாங்கள் எல்லாரும் சிரித்தோம், நானும் சிரித்தேன். கண்ணுக்குத் தெரிகிற புகை என்றால் மாப்பிள்ளை என்றும் பாராமல் ஆட்கள் குதிப்பார்கள், தெரியாத புகைக்கு யார் குதிப்பார்கள் என்று அப்போது எனக்குத் தோன்றவில்லை.

இனிச் சூசை அண்ணையின் கதைக்கு வருவோம்.

சூசை அண்ணை மீன் வியாபாரி. என்னைவிட மூத்தவர், ஆனாலும் ஊரோடு சேர்ந்து அவரும் என்னை அக்கா என்றுதான் கூப்பிடுவார். ஒரு பழைய வான் வைத்திருந்தார். பின்பக்கம் மீன் பெட்டி, முன்பக்கம் ஆட்கள் இருக்க இரண்டு வரிசை ஆசனம். இறங்குதுறையில் மீனை ஐஸ் போட்டு ஏற்றினால், வவுனியாவுக்குப் போகிறதுக்குள் ஐஸ் பாதி தண்ணியாகிவிடும். சைலன்சர் பைப் அந்தப் பெட்டிக்கு நேர் கீழாலே ஓடினது. அதுதான் காரணம். நான் பைப்பைத் தட்டிப் பார்த்தேன், கணீர் என்றது. நல்ல இரும்பு. கட்டிவிட்டேன். ஐஸ் உருகுவது குறைந்துவிட்டது.

சூசை அண்ணைக்கு வாய் பெரிது, மனமும் பெரிது. இறங்குதுறை முழுக்க என் புகழ்தான். "அக்கா கட்டினால் ஐசும் உருகாது, அக்காவின்ர மனமும் உருகாது, ஒரு சதம் குறைக்கமாட்டா" என்று சொல்லிச் சிரிப்பாராம். அவரால் எங்களுக்கு வந்த வாகனங்கள் கொஞ்சமில்லை.

பிறகு அவருடைய மகள் ரெஜினா பிள்ளைப்பேற்றுக்குத் தாய்வீட்டுக்கு வந்தாள். ஆண் பிள்ளை. பிள்ளையோ, சரியான அழுகை. பால் குடிக்கும், அழும். ஏணையில் போட்டு ஆட்டினால் அழும், தூக்கினாலும் அழும். வீட்டில் ஒருவருக்கும் நித்திரை இல்லை. ஒருநாள் தடுப்பூசிக்கு வானில் ஏற்றிக்கொண்டு போனார்களாம். பிள்ளை நித்திரையாகிவிட்டது. அதற்குப் பிறகு அழுகை தாங்காவிட்டால் வானில் ஏற்றி ஒரு சுற்று ஓடுவது பழக்கமாகிவிட்டது.

சூசை அண்ணை கராஜுக்கு வந்து எல்லாருக்கும் முன்னால் சொன்னார்: "அக்கா, உங்கட சீலை என்ன சீலை! வானுக்க சூடே இல்லை, குளுகுளு எண்டு இருக்கு. ஏத்தின உடனே பேரன் நித்திரை. ஊரில பிள்ளை நித்திரை கொள்ளாட்டி என்ர வானில ஏத்துங்கோ எண்டு சொல்லிப்போட்டன்!"

எனக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. பொய் சொல்வானேன்? அன்றைக்கு வீட்டுக்குப் போய் என்ர மனுசனிடமும் சொன்னேன். மீன் பழுதாகாமல் பார்த்த கை, இப்போது பிள்ளையையும் தாலாட்டுது என்று.

மாரி தொடங்கினது. ஒருநாள் காலமை, விடாத மழைத் தூறல். சூசை அண்ணையின் வான் வந்து நின்றது. ரயருக்குக் காற்று அடிக்க. மடு மாதா கோயிலுக்குப் போகிறார்கள், பிள்ளைக்கு வைத்த நேர்த்தி. பெட்டியைக் கழற்றி வீட்டில் வைத்துவிட்டு வந்திருந்தார்கள். ஆனாலும் மீன் மணம் வானை விட்டுப் போகுமா? சூசை அண்ணை தன் பக்கக் கண்ணாடியை இறக்கி, வழக்கம்போல முழங்கையை வெளியே போட்டுக்கொண்டிருந்தார். பின்னால் ரெஜினா, மடியில் பிள்ளை. மழைச் சாரல் பிள்ளையில் படக்கூடாது என்று பின்பக்கக் கண்ணாடி எல்லாம் இறுக்கிப் பூட்டியிருந்தது.

தாலாட்டின கையின் பெருமையைக் கண்ணால் பார்ப்போம் என்று நான் போய்க் கதவைத் திறந்தேன்.

"பாத்தீங்களே அன்ரி, ஏறினதுதான், நித்திரையாப்போனான்" என்றாள் ரெஜினா. அவளுடைய முகம் வெளிறிப்போய் இருந்தது.

"நீ ஏன் பிள்ளை ஒருமாதிரி இருக்கிறாய்?"

"தலையிடி அன்ரி. வானில ஏறினால் எனக்கும் நித்திரைதான் வருது. பிறகு தலையிடிக்கும். போன முறை சாப்பிட்டது முழுக்கச் சத்தி எடுத்தனான். இறங்கிக் கொஞ்ச நேரம் நிண்டால் சுகம்."

எனக்குள் ஏதோ ஒன்று நின்றது. என்னவென்று உடனே தெரியவில்லை. கேட்டேன்: "பஸ்ஸில போனால் இவன் நித்திரை கொள்ளுறவனோ?"

"பஸ்ஸிலயோ! ஒருக்காப் போய்ப் பட்ட பாடு. எல்லாரும் திரும்பித் திரும்பிப் பாத்தவை."

"ஓட்டோவில?"

"அதில இன்னும் மோசம். வாயே மூடேல்லை."

ஓட்டத்தில் நித்திரை கொள்கிற பிள்ளை என்றால் எந்த வாகனத்திலும் கொள்ள வேண்டும். இந்த வானில் மட்டும் என்ன? குளிர்ச்சி என்றால் ஓட்டோவில் இல்லாத குளிர்ச்சியா? அப்போதுதான் அந்த மேஸ்திரியின் குரல் கேட்டது. மறிச்ச சூடு எங்க போச்சு?

வெளியே வராத சூடு பைப்பையே தின்று ஓட்டை போட்டிருந்தால்? ஆனால் சைலன்சர் புகை உள்ளே வந்தால் மணக்குமே என்று நினைத்தேன். மூக்கை நீட்டி மோந்து பார்த்தேன். மீன். மீன் மணத்தைத் தவிர ஒன்றும் இல்லை. ஐந்தாறு வருச மீன் ஊறின வானுக்குள் வேறு எந்த மணம் தெரியப்போகிறது?

பிள்ளைகள், இந்த இடத்தில் நீங்கள் நின்றால் என்ன செய்வீர்கள் என்று யோசியுங்கோ. கையில் ஒரு அத்தாட்சியும் இல்லை. வானுக்குள் நஞ்சுப் புகை என்று நான் கத்தினால், நேர்த்திக்குப் போகிற வழியில் அபசகுனமாய்க் கதைக்கிறாள் என்பார்கள். பிறகு பாப்போம் அக்கா என்று சொல்லிப் போய்விடுவார்கள். மடு கிட்ட இல்லை. மழை, பூட்டின கண்ணாடி. போகிறவர்களை நிறுத்த எனக்கு என்ன உரிமை? அது அவருடைய வான், அவருடைய பேரன்.

நான் கையை நீட்டினேன். "தா ஒருக்கா, தூக்கிப் பாப்பம்."

தந்தாள். பிள்ளையைத் தோளில் போட்டேன். தலை தோளில் விழுந்த விதம் எனக்குப் பிடிக்கவில்லை. நித்திரைப் பிள்ளையைத் தூக்கினால் ஒரு சிணுங்கல் சிணுங்கும், கழுத்தை அங்கே இங்கே திருப்பும். இவன் நனைந்த துணிபோலக் கிடந்தான். நான் அப்படியே நடந்தேன், தகரக் கூரையின் கரை வரைக்கும். அங்கே வாடைக் காற்று நேரே வரும். அவன் முகத்தைக் காற்றுப் பக்கம் திருப்பிப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

ரயருக்குக் காற்று அடித்து முடிந்தது. சூசை அண்ணை ஹோனை அடித்தார். "அக்கா, நேரம் போகுது. குடுங்கோ, வெளிக்கிடுவம்."

"ரெஜினாவை முதல்ல இறங்கச் சொல்லுங்கோ."

"என்னத்துக்கு?"

"அண்ணை, இந்தப் பிள்ளையை நான் அந்த வானுக்க தரமாட்டன்."

எல்லாரும் பகிடி என்று நினைத்தார்கள். என் முகத்தைப் பார்த்த பிறகு சிரிப்பு நின்றது. சூசை அண்ணை இறங்கி வந்தார். ரெஜினா பயந்துபோய்ப் பின்னாலே ஓடி வந்தாள். அவள் இறங்கினதே எனக்குப் பாதி நிம்மதி.

"என்ன விசர்க் கதை கதைக்கிறியள்? பிள்ளை நனையுது!"

"நனையட்டும். உங்கட வானின்ர பைப்பில ஓட்டை இருக்கு. புகை உள்ள வருது. பிள்ளைக்கு இது நித்திரையில்லை. மயக்கம்."

"பைப்புக்குச் சீலை கட்டியெல்லோ இருக்கு! நீங்கள்தானே கட்டினனீங்கள்?"

"ஓம். அதை அவிழ்த்துப் பாக்கோணும்."

முதலாளி கிட்ட வந்து மெதுவாய்ச் சொன்னார், "அக்கா, குடுத்து விடுங்கோ. திரும்பி வரேக்க பாப்பம்." அவரிலும் பிழையில்லை. மற்றவன் பிள்ளையைப் பிடித்து வைத்துக்கொண்டு நிற்கிற கிழவியை வைத்து அவர் என்ன செய்வார்?

சூசை அண்ணைக்கு முகம் சிவந்துவிட்டது. "கட்டினவவே அவிழ்க்கச் சொல்லுறா! அப்ப என்ன, பிழையாய்க் கட்டிப்போட்டு இப்பதான் ஞாபகம் வருதோ? இதைத்தானே நான் ஊரெல்லாம் புகழ்ந்து திரிஞ்சனான்!"

அவர் அடித்த இடம் சரியான இடம். என் கட்டைக் குறை சொன்னால் எனக்குப் பொறுக்காது என்று அவருக்குத் தெரியும். ஒரு கணம் எனக்குக் கோபம் வந்தது. ஓம், நான் கட்டினது. குலையாது. ஒரு நூல் பிரியாது. அந்தப் பெருமையோடு பிள்ளையைத் திருப்பிக் கொடுத்திருக்கலாம்.

"என்ர கட்டில பிழை இல்லை, அண்ணை" என்றேன். "அதுதான் எனக்குப் பயம்."

அவருக்கு அது விளங்கவில்லை. பிள்ளையைப் பிடுங்கக் கை நீட்டினார். நான் ஒரு அடி பின்னுக்குப் போக, மழை நேரே பிள்ளையின் முகத்தில் அடித்தது. அவன் ஒருமுறை இருமினான். மூச்சை இழுத்தான். பிறகு கத்தினான் பாருங்கோ, ஒரு கத்தல்! தகரமே அதிர்ந்தது. என் காதுக்குள் கூவென்றது.

"பாத்தியளே, எழுப்பிப்போட்டியள்!" என்றார் சூசை அண்ணை.

நான் ரெஜினாவின் கையில் பிள்ளையைக் கொடுத்தேன். "கத்தட்டும் பிள்ளை. நிப்பாட்டாதை. அதில கதிரையைப் போட்டு, காத்துப் பக்கமா இரு."

பிறகு நான் வானுக்குக் கீழே போனேன். ஒருவரையும் கேட்கவில்லை. ஸ்பானரைத் திருப்பிப் பிடித்து முன்பக்கம் தட்டினேன். சீலைக்குள்ளாலும் இரும்பின் கெட்டி கைக்குத் தெரிந்தது. பெட்டி இருந்த இடத்துக்குக் கீழே தட்டினேன். பொத் என்றது. பழுத்த பப்பாப்பழத்தைத் தட்டினமாதிரி.

கம்பியை வெட்டிச் சீலையை அவிழ்க்கப் போனால் அது வரவில்லை. உப்பு இறுகி மரப்பட்டைபோல நின்றது. கத்தியால் நெடுகக் கீறிப் பிரித்தேன். உள்ளேயிருந்து கருவாட்டுச் செதில்போலத் துருதான் கொட்டினது. ஒரு முழ நீளத்துக்குப் பைப்பின் மேல்பக்கம் இல்லவே இல்லை. இறுகின சீலைதான் பைப்பின் வடிவத்தில் நின்றுகொண்டிருந்தது. அதுக்கு மேலே வானின் அடித்தகரமும் அரித்து, உள்ளே பின்னாசனத்தின் கால் தெரிந்தது.

முதலாளி குனிந்து பார்த்தார். பகிடிக்காரர் அவர், ஆனால் அன்றைக்குப் பகிடியாகச் சொல்லவில்லை. "சீலை நிக்குது. ஆளைக் காணேல்லை" என்றார்.

நான் சீலைத் துண்டு ஒன்றை எடுத்து நாக்கில் வைத்துப் பார்த்தேன். கடல்.

"அண்ணை, வானை எங்க கழுவுறனீங்கள்?"

சூசை அண்ணை மண்ணில் குந்திவிட்டார். "இறங்குதுறையிலதான். வவுனியாவில மீன் இறக்கிப்போட்டு வந்த கையோட, வாளியால கடல் தண்ணி அள்ளி ஊத்தி. அடியும் மேலும் நல்லாக் கழுவுவன். நல்ல தண்ணி குடிக்கவே காணாது, வானுக்கோ ஊத்துறது?"

"உப்புத் தண்ணி படக்கூடாது எண்டு கட்டேக்கச் சொன்னனானெல்லோ?"

"பைப்பில படக்கூடாது எண்டுதானே சொன்னனீங்கள்? சீலை கட்டியிருக்கு, உப்பு உள்ள போகாது எண்டு நினைச்சன் அக்கா."

இதை வேறு ஊரில் ஒருவன் செய்ய மாட்டான். கடலுக்குப் பக்கத்தில் இருந்துகொண்டு, குடிக்கிற தண்ணிக்கு வரிசையில் நிற்கிறவன்தான் செய்வான். வானைச் சுத்தமாக வைத்திருக்க வேண்டும் என்கிற நல்ல பழக்கம் உள்ளவன்தான் செய்வான். சீலை கட்டினால் மானம் காக்கும் என்று நாங்கள் எல்லாரும் சொல்லிச் சொல்லிச் சிரித்தோமே, அந்தச் சொல்லே அவரை ஏமாற்றிவிட்டது. சீலை மறைக்கும். மழையில் நனைந்த சீலை காயாமல் உடம்பில் ஒட்டிக்கொண்டு நின்றால் காய்ச்சல்தானே வரும்? பைப்புக்கும் அதுதான்.

ஓட்டோ ஒன்றில் ரெஜினாவையும் பிள்ளையையும் ஆஸ்பத்திரிக்கு ஏற்றினோம். நானும் போனேன். போகிற வழி முழுக்க அவன் வாய் மூடவில்லை. ஓட்டோக்காரன் திரும்பி, "அக்கா, இதுக்கும் ஒரு சீலை கட்டுங்கோவன்" என்றான். ரெஜினா அழுதுகொண்டே சிரித்தாள். டொக்டர் பார்த்து, இரண்டு பேரையும் வார்ட்டில் மறித்து வைத்து, பிறகு ஒன்றுமில்லை என்று விட்டார். இன்னும் கொஞ்சத் தூரம் அந்த வானில் போயிருந்தால் என்று அவர் தொடங்கினார். மிச்சம் எங்களுக்கே தெரியும். பிறகு நேர்த்திக்குப் பஸ்ஸில்தான் போனார்கள்.

பிள்ளைகள், வாகனக்காரன் குறை சொல்லிக்கொண்டு வந்தால் நாங்கள் உடனே கீழே படுத்துப் பார்ப்போம். புகழ்ந்துகொண்டு வந்தால் பார்ப்போமா? நான் பார்க்கவில்லை. பிள்ளை நித்திரை கொள்ளுது என்று அவர் சொன்ன அன்றைக்கே அந்த வான் இதே இடத்தில்தான் நின்றது. நான் சந்தோசப்பட்டுக்கொண்டு நின்றேன். பைப்பில் துரு ஏறின காலமெல்லாம் எனக்குப் புகழ் ஏறிக்கொண்டிருந்தது. ஆகவே, புகழ்ச்சி வந்தால் அதையும் ஒருமுறை தட்டிப் பாருங்கோ. கணீர் என்றால் சந்தோசப்படுங்கோ. பொத் என்றால் கீழே படுங்கோ.

மழை முடிந்த பிறகு ஒருநாள் சூசை அண்ணை வந்தார். புதுப் பைப், புது அடித்தகரம் எல்லாம் போட்டாயிற்று. கையில் நல்ல பாரை மீன் ஒன்று, வாழையிலையில் சுற்றி. முதலாளியிடம் போகாமல் நேரே என்னிடம் வந்து நின்றார். அன்றைக்குக் கதைத்த கதைக்கு மன்னிப்பு ஒன்றும் கேட்கவில்லை. எங்கள் ஆண்களுக்கு அது வராது, பாரையால்தான் கேட்பார்கள். மீனைத் தந்துவிட்டுச் சொன்னார், "அக்கா, புதுப் பைப்புக்கு உங்கட கையாலதான் சீலை கட்டோணும்."

"கட்டமாட்டன் அண்ணை."

"ஏன்? இனி நல்ல தண்ணியாலதான் கழுவுவன். சத்தியமா."

"நீங்கள் கழுவாட்டியும் ஐஸ் உருகி மீன்தண்ணி வடியும். அதுவும் உப்புத்தான். மீன் வானுக்கு நான் சீலை கட்டமாட்டன், இனி ஒருத்தருக்கும். வேணுமெண்டால் பெட்டிக்கும் பைப்புக்கும் நடுவில ஒரு தகரம் அடிச்சுத் தாறம். காத்துப் போய் வரும், பைப்பும் கண்ணுக்குத் தெரியும்."

முதலாளிக்கு அது கேட்டது. அந்தக் காலத்தில் எங்களிடம் வருகிறதில் பாதி மீன் வான்கள்தான். அவர் ரேடியோவின் காதைத் திருகிச் சத்தத்தைக் குறைத்தார், அவ்வளவுதான்.

சூசை அண்ணை தலையைச் சொறிந்துகொண்டு நின்றார். "தகரம் எண்டால் ஐஸ் முந்திமாதிரி நிக்காது. உருகுமே அக்கா?"

"உருகட்டும் அண்ணை."

அவர் போகத் திரும்பினார். படலையடிக்குப் போனவர் நின்று, திரும்பிப் பார்த்துச் சொன்னார், "பேரனும் இப்ப வானில நித்திரை கொள்ளுறானில்லை. ஏறினதில இருந்து இறங்குமட்டும் ஒரே கத்தல்."

"கத்தட்டும் அண்ணை" என்றேன். "நல்லாக் கத்தட்டும்."